அடுத்த ஆண்டு கார்வெட்டுக்கு என்ன நிறம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரான செவ்ரோலெட் கார்வெட்டின் புது மாடல் பற்றி ஒரு மங்கலான படம் வெளியானால் போதும், "இது என்ன கலர்?" என்ற கேள்வி உடனே வந்துவிடும். பதில்கள் அதைவிட வேகமாக வரும், பாதிக்கு மேல் தவறாக இருக்கும். படத்தைப் பார்த்துப் புது நிறத்தை அடையாளம் காண்பது எப்படி, எந்த நிறம் பட்டியலை விட்டுப் போகும் என்று கணிப்பது எப்படி என்று வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது கார்வெட்டின் எட்டாவது தலைமுறையான சி8. என்ஜின் நடுவில் இருக்கும் இந்த வண்டி 2019 ஜூலை 18 அன்று கலிஃபோர்னியாவின் டஸ்டினில் அறிமுகமானது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்ற ஊரில், ஒரே ஆலையில் தயாராகிறது. போர்ஷேயில் பணம் கட்டினால் நாம் கேட்கும் நிறத்தையே அடித்துத் தருவார்கள். அதனால் ரோட்டில் பார்க்கும் புது நிறம் யாரோ ஒருவரின் தனி விருப்பமாக இருக்கலாம். கார்வெட்டில் ஒரு பட்டியல், அதில் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றம், அவ்வளவுதான். பழகிக்கொள்ள இதைவிடத் தோதான வண்டி இல்லை.

ஒரே ஒரு படத்தை வைத்துப் புது நிறம் என்று சொல்லிவிட முடியுமா?

முடியாது. குறைந்தது இரண்டு படம் வேண்டும், இரண்டும் வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒன்றில் நேர் வெயில், இன்னொன்றில் நிழல் அல்லது மேகமூட்டம் என்றால் மிக நல்லது.

இன்றைய கார் நிறங்களில் பெரும்பாலானவை நிலையான ஒற்றை நிறங்கள் அல்ல. மயில் கழுத்து நிறப் பட்டுப் புடவையைத் திருப்பத் திருப்ப பச்சையும் நீலமும் மாறி மாறித் தெரியுமே, மெட்டாலிக் பெயின்ட்டும் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதற்குள் இருக்கும் மெல்லிய அலுமினியத் துகள்கள் நேராகப் பார்க்கும்போது ஒளியைத் திருப்பி அனுப்பும், சாய்வாகப் பார்த்தால் இருட்டாகிவிடும். டிங்கரிங் கடையில் நிறம் சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் பெயின்டரைக் கவனியுங்கள். நேராக நின்று ஒரு பார்வை, பிறகு பக்கவாட்டில் குனிந்து கதவோடு கண்ணை வைத்து இன்னொரு பார்வை. ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்யும் கருவியும் ஒரே இடத்தைப் பல கோணங்களில் அளக்கிறது. ஒரு படம் அதில் ஒரு கோணத்தை மட்டும்தான் நமக்குத் தருகிறது.

சரி, படம் கிடைத்துவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

நிறத்தின் பெயரைத் தேடாதீர்கள். அது எந்த வகைப் பெயின்ட் என்று முதலில் பாருங்கள். வகை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. செவ்ரோலெட்டின் நிறப்பட்டியலிலேயே பல பெயர்களோடு வகையும் ஒட்டிக்கொண்டு வரும்: மெட்டாலிக், டின்ட்கோட், ட்ரைகோட். ஒன்றும் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது சாதா நிறம்.

சாதா நிறத்துக்கு டார்ச் ரெட், ரேபிட் ப்ளூ இரண்டும் நல்ல உதாரணம். வெயிலில் பளிச்சென்று இருக்கும், நிழலில் மங்கும், ஆனால் நிறம் அதே நிறம்தான். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் பொடி மினுக்கம் தெரியாது.

மெட்டாலிக் என்றால் வளைவுகளில் வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறும். சி8-இன் கதவுக்குப் பின்னால் காற்று உள்ளே போகும் பெரிய பள்ளம் இருக்கிறதே, அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல் விளிம்பு வெள்ளியாக மின்னி, இரண்டு விரல் கீழே நிறம் அடர்ந்து போனால் சந்தேகமே வேண்டாம், மெட்டாலிக்.

டின்ட்கோட்டில் நிற அடுக்கின் மேல் அடிக்கும், வழக்கமாக நிறமில்லாத கிளியர் பூச்சிலேயே கொஞ்சம் சாயம் கலந்திருப்பார்கள். அதனால் நிறம் ஆழத்திலிருந்து வருவது போல இருக்கும். ரெட் மிஸ்ட், ஆம்ப்ளிஃபை ஆரஞ்ச், செப்ரிங் ஆரஞ்ச் எல்லாம் இந்த வகை. வெயில் படும் இடத்தில் தீயாக எரியும், கதவு இடுக்கிலும் கோடுகளிலும் நிறம் கட்டிக்கொண்டு கறுத்திருக்கும். நிழலில் எடுத்த ரெட் மிஸ்ட் படத்தை வைத்துக்கொண்டு "புது மெரூன் வருகிறது" என்று கிளம்புகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை எனக்கு. ஒரு வெயில் படம் கேளுங்கள், தெரிந்துவிடும்.

ட்ரைகோட் மூன்று அடுக்கு: அடி நிறம், நடுவில் முத்துப் போல மினுங்கும் பேர்ல் துகள் கலந்த ஒளி ஊடுருவும் அடுக்கு, மேலே கிளியர். 2023-இல் எழுபதாவது ஆண்டுச் சிறப்புப் பதிப்புக்காக வந்த வெள்ளை பேர்ல், 2024-இல் வந்த சீ உல்ஃப் கிரே இரண்டும் இந்த வகை. படத்தில் பிடிப்பதற்கு மிகக் கஷ்டமான வகையும் இதுதான். நடு அடுக்கின் மினுக்கம் நேர் வெயிலில்தான் முழுக்கத் தெரியும். மேகமூட்டத்தில் சாதா நிறம் போலவே அமைதியாக இருந்துவிடும்.

படத்தில் வெளிச்சம் ஏமாற்றுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காரை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நிறம் எப்படி இருக்கும் என்று நமக்கு முன்பே தெரிந்த பொருள் எதுவாவது அதே படத்தில், அதே வெளிச்சத்தில் இருந்தால், அதுதான் நம் அளவுகோல்.

டயர் கறுப்பு. தார் ரோடு சாம்பல். ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோடு வெள்ளை. டயர் நீலமாகத் தெரிந்தால் படம் முழுவதும் நீலம் ஏறியிருக்கிறது, அதில் இருக்கும் சாம்பல் நிறக் காரைப் "புது நீலச் சாம்பல்" என்று நம்பக் கூடாது. அமெரிக்காவில் எடுத்த படங்களில் இன்னும் இரண்டு நல்ல துணைகள் உண்டு: எண்கோண வடிவ நிறுத்தப் பலகையின் சிவப்பு, பள்ளிப் பேருந்தின் மஞ்சள். இரண்டும் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒரே நிறம். எல்லாவற்றையும் விட நல்லது, பக்கத்திலேயே நமக்குத் தெரிந்த நிறத்தில் இன்னொரு கார்வெட் நிற்பது. டார்ச் ரெட் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சந்தேகச் சிவப்பு, தனியாக எடுத்த பத்துப் படத்தை விட அதிகம் சொல்லும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். காலை, மாலை வெயில் எல்லாவற்றின் மேலும் மஞ்சள் பூசிவிடும். திறந்த வெளி நிழலில் விழுவது நீல வானத்தின் ஒளி, அதனால் வெள்ளையும் வெள்ளியும் நீலம் கலந்து தெரியும். காரின் கூரையும் முன் மூடியும் வானத்தைப் பார்த்துக் கிடப்பவை. அவற்றில் தெரிவது பாதி பெயின்ட், பாதி வானம். நிறத்தைப் படிக்கக் கதவின் நடுப்பகுதியே சரியான இடம். சோடியம் விளக்கின் கீழே எடுத்த இரவுப் படம் என்றால் பார்க்கவே வேண்டாம். அந்த ஆரஞ்சு வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் கறுப்பும் ஒன்றுபோலவே இருக்கும்.

கம்ப்யூட்டரில் நிறத்தைத் தொட்டு எண் எடுத்தால் போதாதா?

போதாது. நீங்கள் தொடும் புள்ளியில் பெயின்ட்டோடு வெளிச்சமும் பிரதிபலிப்பும் கேமராவின் திருத்தமும் கலந்திருக்கின்றன. ஆழ்ந்த சிவப்பு, ஆரஞ்சு, ஊதா ஆகியவற்றைச் செல்போன் கேமரா தன் எல்லைக்குள் அமுக்கித்தான் காட்டும். ஒரே படத்தில் இரண்டு வண்டிகளை ஒப்பிட மட்டும் இந்த எண்கள் கொஞ்சம் உதவும்.

எந்த நிறம் போகும், எது வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

பட்டியலில் உள்ள இடங்கள் குறைவு. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் குழாய், தனி இருப்பு, சிறு பாகங்களுக்கு அதே நிறத்தில் தனிச் சரக்கு என்று ஆலைக்குச் செலவு ஏறும். அதனால் ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும் என்பதே பொதுவான நிலை. 2020 மாடலில் 12 நிறங்கள் இருந்தன. 2021-இல் லாங் பீச் ரெட் போய் ரெட் மிஸ்ட் வந்தது, பிளேட் சில்வர் போய் சில்வர் ஃப்ளேர் வந்தது. எண்ணிக்கை 12-இலேயே நின்றது. 2022-இல் மூன்று போயின: செப்ரிங் ஆரஞ்ச், ஷேடோ கிரே, ஜீயஸ் பிரான்ஸ். மூன்று வந்தன: ஆம்ப்ளிஃபை ஆரஞ்ச், ஹைப்பர்சானிக் கிரே, காஃபின்.

இப்போது போனதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிவப்பு இடத்துக்குச் சிவப்பு. வெள்ளி இடத்துக்கு வெள்ளி. ஆரஞ்சுக்கு ஆரஞ்சு, சாம்பலுக்குச் சாம்பல், வெண்கலப் பழுப்புக்குக் காப்பிப் பழுப்பு. 2025-இலும் இதேதான்: ஆக்ஸிலரேட் மஞ்சள் போய் காம்பெடிஷன் மஞ்சள் வந்தது. அப்படியானால் ஏதோ ஒரு நிறத்துக்கு ஆர்டர் எடுப்பது நின்றுவிட்டது என்று விற்பனையாளர்களிடமிருந்து செய்தி வந்தால், அதே குடும்பத்தில்தான் புது நிறத்தைத் தேட வேண்டும். மங்கலான படத்தில் ஒரு ஆரஞ்சு தெரிகிறது, பட்டியலில் இருக்கும் ஆரஞ்சு போகப்போகிறது என்றால், அந்தப் படத்துக்கு மதிப்பு ஏறிவிடுகிறது. பட்டியலில் இருக்கும் ஆரஞ்சு நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், நீங்கள் பார்ப்பது வேறு வெளிச்சத்தில் அதே ஆரஞ்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்னொரு இடத்தையும் கவனியுங்கள்: காரில் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கும் துணை நிறங்கள். கார்பன் ஃபிளாஷ் என்ற மினுக்கும் கறுப்பு, சி8-இல் பின்னால் பார்க்கும் கண்ணாடி, பின்பக்க இறக்கையான ஸ்பாய்லர் போன்ற பாகங்களில்தான் முதலில் வந்தது. 2023 சிறப்புப் பதிப்பில் அதே நிறம் முழு உடலுக்கும் ஏறியது. அதற்கும் முன்பு, செவ்ரோலெட்டின் நூறாண்டுக்காக 2012-இல் வந்த சிறப்புக் கார்வெட்டும் கார்பன் ஃபிளாஷ்தான். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெயின்ட் வெளியே வருவதற்குப் புதுச் சோதனை அதிகம் தேவையில்லை.

அப்படியானால் பச்சையும் ஊதாவும் வரும் என்று கணித்திருக்க முடியுமா?

அதைக் கணக்குப் போட்டுச் சொல்லியிருக்க முடியாது. மாற்று நிறங்களுக்குத்தான் மேலே சொன்ன முறை. புதுக் குடும்பமே உள்ளே வரும்போது அது வேலை செய்யாது.

பச்சையின் கதை சுவாரஸ்யமானது. முந்தைய தலைமுறையான சி7-இல், 2014-இல் லைம் ராக் கிரீன் என்று ஒரு அழகான அடர் பச்சை வந்தது. ஒரே ஆண்டில் போய்விட்டது. கார்வெட்டில் வந்த நிறங்களிலேயே மிகச் சிறந்தது அது என்பது என் கட்சி. சி8 வந்தபோது பட்டியலில் பச்சையே இல்லை. 2021, 2022, 2023 என்று ஒவ்வொரு ஆண்டும் "இந்த முறை பச்சை" என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம். கடைசியில் 2024-இல் கேக்டை வந்தது. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்த அடர் பச்சையாக இல்லாமல், வெளிர்ந்த ஒரு கள்ளிப் பச்சையாக வந்தது. ராஸ்வெல் கிரீன் மெட்டாலிக் 2026 மாடலில் வந்தது. 2025-இன் ஹிஸ்டீரியா பர்ப்பிள் என்ற ஊதாவும் இப்படிப் புதுக் குடும்பமாக வந்ததுதான். ரசிகர்கள் ஒரு நிறத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது ஒரு தடயம், ஆனால் எந்த ஆண்டு என்பதை அது சொல்லாது.

படத்தில் இருப்பது பெயின்ட்டா, மேலே ஒட்டிய ராப் என்ற நிறத்தாளா?

முக்கியமான கேள்வி. கதவு திறந்திருக்கும் படம் கிடைத்தால் கதவு ஓரத்தையும் கீழ்ப்படியின் உள்பக்கத்தையும் பாருங்கள். ஆலையில் அடித்த பெயின்ட் அங்கேயும் அதே நிறத்தில் இருக்கும். வெளியே ஊதா, உள்ளே வெள்ளை என்றால் அது ஒட்டியது. எரிபொருள் மூடியின் உள்பக்கம், முன் பக்க டிக்கியின் விளிம்பு ஆகியவையும் இதே உண்மையைச் சொல்லும். கதவு மூடியிருந்தால், வளைவு அதிகமான மூலைகளில் சுருக்கமோ ஒட்டுக்கோடோ தெரிகிறதா என்று தேடுங்கள். பளபளப்பில்லாத மேட் நிறங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். மேட் என்றாலே ராப் என்று ஒதுக்கும் பழக்கம் இருந்தது. 2026-இல் பிளேட் சில்வர் மேட் ஆலை நிறமாகவே வந்துவிட்டது.

அது கம்பெனியின் சோதனை வண்டி என்று எப்படித் தெரியும்?

கறுப்பு வெள்ளைச் சுழல் கோடுகள் போட்ட மறைப்பு ஒட்டியிருந்தால் சோதனை வண்டிதான், ஆனால் அதில் நிறம் தெரியாது. நமக்கு வேண்டியது மறைப்பு இல்லாமல், மிச்சிகன் மாநிலத்தின் உற்பத்தியாளர் நம்பர் பிளேட்டோடு ஓடும் வண்டி. பட்டியலில் இல்லாத நிறம் அந்த பிளேட்டோடு வந்தால் நிமிர்ந்து உட்காரலாம். ஆனாலும் சோதனைக்காக அடித்துப் பார்த்துக் கைவிடும் நிறங்களும் உண்டு. ஒரு வண்டி தடயம். ஒரே நிறத்தில் மூன்று நான்கு வண்டி வேறு வேறு ஊரில் தென்பட்டால் ஏறக்குறைய முடிவு. படம் எடுக்கிறவர்கள் பொது ரோட்டில் நின்று எடுங்கள். ஆலை வேலிக்குள் எட்டிப் பார்ப்பதும், வண்டியைத் துரத்திக்கொண்டு ஓட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

நிறத்தின் பெயர் முன்கூட்டியே கசிந்துவிட்டால்?

பெயரை வைத்து நிறத்தை ஊகிக்க வேண்டாம். கார்வெட்டில் பந்தயத் தடங்களின் பெயரை வைப்பது பழைய வழக்கம். லைம் ராக், கனெக்டிகட்டில் உள்ள தடம். செப்ரிங், ஃப்ளோரிடாவின் 12 மணி நேரப் பந்தயம் நடக்கும் இடம். எல்க்ஹார்ட் லேக், விஸ்கான்சினில் ரோட் அமெரிக்கா தடம் இருக்கும் ஊர். வாட்கின்ஸ் க்ளென், நியூயார்க் மாநிலத்தில். ஊரின் பெயரில் நிறம் ஒளிந்திருப்பதில்லை. சில சமயம் பெயரிலேயே நிறம் இருந்தாலும் கண் ஒத்துக்கொள்ளாது: 1998 இண்டியானபொலிஸ் 500 பந்தயத்தில் போட்டிக் கார்களுக்கு முன்னால் ஓடி வழிநடத்திய கார்வெட்டின் நிறம் ரேடார் ப்ளூ, பார்ப்பவர்களுக்கு அது ஊதா.

கடைசியாக எதை நம்பலாம்?

குறியீட்டை. செவ்ரோலெட்டின் தாய்க் கம்பெனியான ஜி.எம். வண்டிகளில் வெளி நிறத்துக்கு மூன்று எழுத்து ஆர்டர் குறியீடு உண்டு, கார்வெட்டின் பட்டியலில் அது ஜி என்ற எழுத்தில் தொடங்கும். கறுப்பு ஜி.பி.ஏ., டார்ச் ரெட் ஜி.கே.இசட்., ஆர்க்டிக் ஒயிட் ஜி8ஜி. விற்பனையாளர்களுக்கு வரும் ஆர்டர் கையேட்டில் புதுக் குறியீடு ஒன்று ஏறிவிட்டால் நிறம் உறுதி. பழைய குறியீடு புதுப் பெயரோடு வந்தால், பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. சேஸிஸ் நம்பரில் நிறம் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இருக்காது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கம்பெனி நிறத்தை எப்போது முடிவு செய்கிறது?

நாம் படம் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே. பி.பி.ஜி., பி.ஏ.எஸ்.எஃப்., ஆக்ஸால்ட்டா போன்ற பெயின்ட் கம்பெனிகள் மூன்று நான்கு ஆண்டு முன்னதாகவே புது நிறங்களைக் காட்டுகின்றன. தேர்ந்தெடுத்ததைத் தகட்டில் அடித்து ஃப்ளோரிடா வெயிலிலும் ஈரத்திலும் காயவைத்து, வெளுக்கிறதா, உரிகிறதா என்று பார்ப்பார்கள். கார்வெட்டின் வெளிப் பாகங்கள் இரும்புத் தகடு அல்ல, பிளாஸ்டிக் கலவைகள். எல்லாவற்றிலும் ஒரே நிறம் ஒன்றுபோல் உட்கார வேண்டும். பௌலிங் கிரீனில் புதுப் பெயின்ட் கூடம் கட்ட 43.9 கோடி டாலர் போடுவதாக ஜி.எம். 2015-இல் அறிவித்தது, சி8 வருவதற்கு நான்கு ஆண்டு முன்பு. அதனால் போன மாதம் ரசிகர்கள் கேட்டதற்காக இந்த மாதம் நிறம் வராது.

அறிவிப்பு எப்போது வரும்?

பௌலிங் கிரீனில் ஆலைக்குப் பக்கத்திலேயே தேசிய கார்வெட் அருங்காட்சியகம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அங்கே கூடும் ரசிகர்களிடம் கார்வெட் குழு வந்து புதுச் செய்திகள் சொல்வது வழக்கம். ஆனால் மாடல் ஆண்டின் தொடக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். 2019 இலையுதிர் கால வேலைநிறுத்தத்துக்குப் பிறகு முதல் சி8-களின் உற்பத்தி 2020 பிப்ரவரியில்தான் தொடங்கியது. 2021 மாடல் அதே ஆண்டு டிசம்பரிலேயே தொடங்கிவிட்டது. நாள்காட்டியை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கம்பெனி இணையதளத்தில் காரை நாமே நிறம் மாற்றிப் பார்க்கும் படங்களை நம்பலாமா?

பட்டியலைத் தெரிந்துகொள்ள நம்பலாம். நிறத்தைத் தெரிந்துகொள்ள வேண்டாம். அவை கம்ப்யூட்டர் வரைந்த படங்கள்.

இந்தியாவில் சி8 வாங்க முடியுமா?

செவ்ரோலெட் 2017 கடைசியோடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, அதனால் ஷோரூமில் கிடைக்காது. வலது பக்க ஸ்டியரிங்கோடு ஆலையிலிருந்தே வந்த முதல் கார்வெட் சி8தான். ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜப்பான் ஆகிய நாடுகளில் இருக்கும் நம்மவர்கள் நேரில் பார்க்கலாம்.

போன நிறம் திரும்ப வருமா?

வரும். 2021-ஓடு போன செப்ரிங் ஆரஞ்ச் 2025-இல் திரும்பி வந்தது. 2020-ஓடு போன பிளேட் சில்வர், 2026-இல் மேட் வடிவில் வந்தது. அதனால் ஒரு படத்தில் "எங்கேயோ பார்த்த நிறம்" என்று தோன்றினால், நடப்புப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் பழைய ஆண்டுகளின் பட்டியலையும் திறந்து ஒப்பிடுங்கள். லைம் ராக் கிரீன் திரும்ப வர வேண்டும் என்று நான் இன்னும் காத்திருக்கிறேன்.